அரைப்புள்ளி

பாலக்கோடு கிளை நூலகத்தில்
மூன்று நாளாக இணையம் இல்லை என்று புகார்.
வந்து பார்த்தால்
தக்காளி ஏற்றிய லாரி ஒன்று
கேபிளையும் இழுத்துக்கொண்டு ஓசூர் போயிருக்கிறது.
கம்பம் ஏறுவது என் வேலையில்லை.
ஆனாலும் ஆள் பிடித்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன்,
மதியத்துக்குள் பச்சை விளக்கு எரிந்தது.
குரூப் ஃபோர் படிக்கிற பையன்கள்
ஒரே நேரத்தில் தலை குனிந்தார்கள், போனுக்கு.

பிறகுதான் உண்மையான புகார்.

புது மென்பொருளுக்குப் பழைய பட்டியலை ஏற்றியபோது
எட்டாயிரம் புத்தகங்கள் ஒழுங்காக வந்து சேர்ந்தன.
அறுநூற்றுப் பன்னிரண்டு மட்டும்
ஆங்கில எழுத்துகளாய் வந்து இறங்கின.
கே யு கே அரைப்புள்ளி.
எஃப் ஒய் அரைப்புள்ளி.
"இதை எவன் இரவல் கேப்பான்?" என்றார்
நூலகர் தீர்த்தகிரி,
மகள் கல்யாணப் பத்திரிகையில்
மாப்பிள்ளை பெயர் தப்பாக வந்தவர்போல.

எனக்குத் தெரிந்த நோய்தான்.
ஒருங்குறி வருவதற்கு முன்
ஊருக்கு ஓர் எழுத்துரு, ஆளுக்கு ஒரு விசைப்பலகை.
பென்டிரைவில் ஒரு மாற்றி வைத்திருக்கிறேன்,
பதினோரு நூலகங்களைக் குணமாக்கியது.
இங்கே அது திணறியது.
ஒரு தலைப்புக்குள்ளேயே எழுத்துரு மாறுகிறது,
பாதி வாக்கியத்தில், சில இடத்தில் பாதிச் சொல்லில்.
இப்படி யாரும் தட்டச்சு செய்ய மாட்டார்கள்.

மேசைக்கு அடியில் ரவுட்டர் ஒயரைத் துடைத்துக்கொண்டிருந்த
மாதேஸ்வரி எழுந்து, திரையைப் பார்த்து,
"அது மரம்" என்றாள்.
"கீழ இருக்கிறது கல்."

"உங்களுக்கு எப்படி?"

"நான்தானே அடிச்சேன்."

பதினாறு வருஷத்துக்கு முன்.
பதிவு ஒன்றுக்கு ஐம்பது காசு.
கே என்றால் மகரம், எஃப் என்றால் ககரம்.
மெய்யின் தலையில் உட்காரவேண்டிய புள்ளி
பக்கத்தில் இறங்கி நின்று
வால் முளைத்து
அரைப்புள்ளி ஆகியிருக்கிறது.
"நடுவில் ஏன் மாறுது?"
"கரண்டு போய் வந்தா கீபோர்டு வேற மாதிரி தொறக்கும்.
நான் விட்ட எடத்துலேர்ந்து அடிப்பேன்.
அழிச்சா அம்பது காசு போயிரும்."

அப்போதுதான் புரிந்தது,
ஒவ்வொரு முறிவும் ஒரு மின்வெட்டு.
அறுநூற்றுப் பன்னிரண்டு முறை
இந்த அறையில் விளக்கு அணைந்திருக்கிறது.

அவள் வாசித்தாள், நான் அடித்தேன்.
வேகமாக வாசித்தாள். ஒருமுறைகூட
எழுத்துக்கூட்டவில்லை.
நீரிழிவுக்கு உணவு, இரும்பின் வரலாறு,
கோழிப்பண்ணைக் கணக்கு, யாரோ ஒருவரின் பயணம்.
தீர்த்தகிரி நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு
நின்றுகொண்டே கேட்டார்.

நாலாயிரத்து நானூற்று எழுபத்தொன்றில் சிரித்துவிட்டாள்.
"இது புத்தகம் இல்ல."

தலைப்பு: நாலு மாசமா காசு தரல, நாளைக்கு வரமாட்டேன்.
ஆசிரியர்: மாதேஸ்வரி.

அடுத்த எண்ணின் தேதியைப் பார்த்தேன்.
மறுநாள்தான்.
காலை ஒன்பதே முக்கால்.

அழிக்கப் போனேன். மென்பொருள் விடவில்லை:
வரிசை எண்ணில் இடைவெளி கூடாதாம்.
தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள் என்று
தீர்த்தகிரியும் தலையசைத்தார்.
நிலை என்ன என்று கேட்டது பெட்டி.
இரவலில், சிதிலம், காணவில்லை, அலமாரியில்.
அவள் யோசிக்கவே இல்லை.
"அலமாரியில்னு போடுங்க சார்.
இங்கதானே இருக்கேன்.
இப்பவும் தினக்கூலிதான்."

ஐந்தரைக்குப் புகாரை முடித்தேன்.
தீர்வு என்ற கட்டத்தில்
எழுத்துரு மாற்றப்பட்டது என்று அடித்தேன்.
சரிசெய்தவர் என்ற இடத்தில்
என் பெயரைத் தவிர வேறு தேர்வு இல்லை.
இரண்டு முறை தேடினேன்.

தர்மபுரி பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது
போன் அதிர்ந்தது.
பென்னாகரம். பிரிண்டர்
காகிதத்தை விழுங்குகிறதாம்.